இனநிந்தனைக்காக வீரருக்குத் தடை: கழகம் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது?

கேள்வி இதுதான். கொழும்பில் லீக் ஆடும் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் வீரருக்கு, எதிரணி வீரரை இனத்தைச் சொல்லி ஏசினார் என்று போட்டித் தடை வந்திருக்கிறது. வீரர் மறுக்கிறார். அவருக்கு ஆதரவாக உடனே பேஸ்புக்கில் அறிக்கை போட வேண்டும் என்று செயற்குழுவில் பாதிப்பேர் நிற்கிறார்கள். அடுத்த மட்ச்சுக்கு அவர் படம் போட்ட டீ சேர்ட்டோடு இறங்கலாம் என்றும் ஒரு யோசனை. கழகச் செயலாளர் என்ன செய்ய வேண்டும்?

டீ சேர்ட் அச்சுக்குப் போயிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இதே யோசனையை லிவர்பூல் கழகம் செய்து பார்த்துவிட்டது. 2011 ஒக்டோபர் 15ஆம் திகதி லிவர்பூலின் மைதானமான அன்ஃபீல்டில் நடந்த ஆட்டத்தில், அதன் உருகுவே வீரர் லூயிஸ் சுவாரெஸ் தன்னைத் தோல் நிறத்தைச் சொல்லி ஏசினார் என்று மன்செஸ்டர் யுனைட்டட் வீரர் பட்ரிஸ் எவ்ரா முறையிட்டார். டிசெம்பர் 20ஆம் திகதி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் நியமித்த சுயாதீன ஆணைக்குழு சுவாரெஸுக்கு 8 போட்டித் தடையும் 40,000 பவுண் அபராதமும் விதித்தது. அன்றிரவே லிவர்பூல் ஓர் அறிக்கை விட்டது. தீர்ப்பைக் கண்டித்ததோடு நிற்காமல், முறைப்பாடு செய்த எவ்ராவின் பேச்சு நம்பத்தக்கதல்ல என்றும் அதில் எழுதியது. மறுநாள் விகன் அணியுடனான ஆட்டத்துக்கு முன், வீரர்கள் சுவாரெஸின் படம் போட்ட டீ சேர்ட்டுடன் பயிற்சிக்கு இறங்கினார்கள். முகாமையாளர் கெனி டல்கிளிஷும் அதையே போட்டிருந்தார். அணியில் இருந்த கறுப்பின வீரர் கிளென் ஜோன்சனும் போட்டிருந்தார். அதற்காக முன்னாள் வீரர் போல் மெக்ராத் போன்றவர்கள் வெளிப்படையாக வருந்தினார்கள்.

இந்தத் திகதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். தீர்ப்புக்கான காரணங்கள் 115 பக்க அறிக்கையாக வெளிவந்தது டிசெம்பர் 31ஆம் திகதி. கழகம் கோபப்பட்டது 20ஆம் திகதி. என்ன சாட்சியம், எதை நம்பினார்கள், எதை ஏன் நம்பவில்லை என்ற முழு விளக்கமும் வருவதற்குப் பதினொரு நாள் முன்பே கழகம் தன் பெயரை அடகு வைத்துவிட்டது. அறிக்கை வந்த பிறகு, ஜனவரி 3ஆம் திகதி, மேன்முறையீடு செய்யப்போவதில்லை என்று அறிவித்தது. அவ்வளவு சத்தம் போட்டுவிட்டு மேன்முறையீடும் இல்லை என்றால் வெளியில் இருப்பவர் என்ன நினைப்பார்?

ஆகவே செயலாளரின் முதல் வேலை ஒரு கடிதம். தீர்ப்புக்கான எழுத்துமூலக் காரணங்களைத் தரும்படி லீக்கிடம் கேளுங்கள். தீர்ப்புக் கடிதம் கையில் கிடைத்த திகதியையும் நேரத்தையும் உறையின் மேலேயே எழுதி வையுங்கள். மின்னஞ்சலில் வந்திருந்தால் அச்சிட்டுக் கோவையில் போடுங்கள். கால எல்லை ஓடத் தொடங்குவது அங்கிருந்துதான். ஃபிஃபாவின் ஒழுக்காற்றுக் கோவையில், காரணங்களைக் கேட்க 10 நாள். காரணங்கள் கிடைத்த பின் மேன்முறையீடு செய்யும் எண்ணத்தை எழுத்தில் அறிவிக்க 3 நாள். அதற்குப் பின் முழு மனுவையும் கொடுக்க 5 நாள். உள்ளூர் லீக்கின் கோவையில் நாட்கணக்கும் கட்டணமும் வேறாக இருக்கும். கடிதத்தில் குறிப்பிட்ட விதி எண்ணை எடுத்து அந்தப் பக்கத்தையே வாசியுங்கள். "போனமுறை இப்படித்தான் நடந்தது" என்று யாராவது சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். நல்ல மேன்முறையீடுகள் பல, ஒரு நாள் பிந்தியதால் திறக்கப்படாமலே திரும்பி வருகின்றன.

இன்னொன்று: மேன்முறையீடு கொடுத்தால் தடை தானாக நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபிஃபா கோவையில் நிற்காது, பணம் கட்டுவது மட்டுமே தள்ளிப்போகும். தடையில் இருக்கும் வீரரை இறக்கினால் அந்த ஆட்டமே 3-0 என்று எதிரணிக்குப் போய்விடும். ஆகவே தடை எந்தச் சுற்றுப்போட்டிகளுக்குப் பொருந்தும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டொட்டன்ஹாம் வீரர் ரொட்ரிகோ பென்டன்கூருக்கு 2024 நவம்பரில் 7 போட்டித் தடை வந்தபோது அது இங்கிலாந்தின் உள்நாட்டுப் போட்டிகளுக்கு மட்டும்தான். அதே வாரங்களில் அவர் யூரோப்பா லீக்கில் ஆடலாம், ஆடினார். உங்கள் வீரர் லீக்குக்கு வெளியே ஒரு நொக்அவுட் சுற்றுக்கும் பதிவு செய்யப்பட்டிருந்தால் இந்தக் கேள்வி உங்களுக்கும் உண்டு. இரவில் விளக்குப் போட்டு நடக்கும் ஏழு பேர் ஆட்டங்களையும் மறக்க வேண்டாம்.

இனி, விசாரணைக்குப் போனதும் போகப்போவதுமான வாக்குமூலங்கள். வழக்கு பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சுவாரெஸ் வழக்கில், எவ்ராவைத் தவிர வேறு எந்த வீரரும் நடுவரும் அந்தச் சொல்லைக் கேட்டதாகச் சாட்சி சொல்லவில்லை. ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல். அப்படியிருந்தும் ஆணைக்குழு எவ்ராவை நம்பியதற்கு முக்கியமான காரணம் ஒன்று லிவர்பூலின் பக்கத்திலிருந்தே வந்தது. ஆட்டம் முடிந்தவுடன் சுவாரெஸ் நடந்ததைக் கழகத்தின் உதைபந்தாட்டப் பணிப்பாளர் டேமியன் கொமொலியிடம் ஸ்பானிய மொழியில் சொன்னார். சக வீரர் டேர்க் கவுட்டிடம் டச்சு மொழியில் சொன்னார். கொமொலி அதை நடுவரின் அறையில் போய்ச் சொல்ல, அது அங்கேயே குறிப்பெடுக்கப்பட்டது. கொமொலியும் கவுட்டும் விளங்கிக்கொண்டது "நீ கறுப்பன் என்பதால்" என்று. சுவாரெஸ் விசாரணையில் சொன்னதோ "ஏன், கறுப்பா?" என்று. ஸ்பானியத்தில் இரண்டும் "போர் கே" என்றுதான் தொடங்கும், ஆனால் பொருள் மலைக்கும் மடுவுக்கும். எவ்ரா சொன்னது முதலாவதுக்குக் கிட்ட இருந்தது.

கொழும்பில் இது இன்னும் இலகுவாக நடக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பெடியன் மைதானத்தில் சிங்களத்தில் ஏதோ சொல்கிறான். அதைப் பயிற்றுநரிடம் தமிழில் சொல்கிறான். பயிற்றுநர் நடுவரிடம் சிங்களத்தில் சொல்ல, நடுவரின் அறிக்கை ஆங்கிலத்தில் லீக்குக்குப் போகிறது. நாலு கைமாறிய பின் மூலச் சொல் எங்கே? ஆகவே சொன்னதாகக் கூறப்படும் வார்த்தையை, சொன்ன மொழியிலேயே, உச்சரித்தபடியே எழுதுங்கள். "தகாத வார்த்தை" என்று மூடி எழுத வேண்டாம். கூச்சமாக இருந்தாலும் முழுச் சொல்லும் வாக்குமூலத்தில் இருக்க வேண்டும். அதன் கீழே, அது எந்த மொழி, மொழிபெயர்ப்பு என்ன, மொழிபெயர்த்தவர் யார் என்று தனி வரியில் எழுதுங்கள்.

வாக்குமூலம் எடுக்கும் முறையும் முக்கியம். அன்று இரவே, அல்லது அடுத்த நாள் காலைக்குள், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக எடுங்கள். மைதானத்தின் எந்தப் பக்கம் நின்றார், எத்தனை மீற்றர் தூரம் என்பதை முதலில் எழுதுங்கள். எதைக் கண்டார், எதைக் காதால் கேட்டார், எதைப் பிறகு பிறர் சொல்லி அறிந்தார்: இந்த மூன்றையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அணியின் வட்ஸ்அப் குழுவில் இது பற்றிப் பேச வேண்டாம் என்று முதல் மணித்தியாலத்திலேயே சொல்லிவிடுங்கள். குழுவில் ஒருவர் போட்ட வசனம் அடுத்த நாள் ஐந்து பேரின் வாக்குமூலத்தில் அப்படியே வந்தால், அந்த ஐந்தையும் ஒழுக்காற்றுக் குழு ஓரமாக வைத்துவிடும். வைத்தால் அது நியாயமும்கூட. பார்வையாளர் எடுத்த கைபேசிக் காணொளி இருந்தால் மூலக்கோப்பையே வாங்குங்கள். வட்ஸ்அப்பில் வருவது சுருங்கி, ஒலியும் கெட்டு, எடுத்த நேரமும் இல்லாமல் வரும்.

அடுத்தது, இங்கே எல்லோரும் சொல்லும் வாதம்: "எங்கட ஆக்களுக்குள்ள அது செல்லப் பேர்." கறுவல், களுவா என்று நண்பர்களைக் கூப்பிடுவது ஊர் வழக்கம்தான். சுவாரெஸின் தரப்பும் இதையே சொன்னது, உருகுவேயில் "நீக்ரோ" என்பது நட்பான விளி என்று. ஆணைக்குழு அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் இரண்டு புலமையாளர்கள் தந்த கருத்தைக் கணக்கில் எடுத்தது. நண்பர்களுக்கிடையில் அப்படிப் புழங்குவது உண்மை என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கோல் கம்பத்தடியில் முட்டி மோதி நிற்கும்போது, எதிராளியின் கைத்தோலைக் கிள்ளிக்கொண்டு சொல்லும்போது அது என்ன சொல்? சமாதானமாகச் சொன்னேன் என்ற விளக்கத்தை ஆணைக்குழு நம்பவே முடியாதது என்று ஒதுக்கியது. ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்குள் அந்தச் சொல் ஏழு முறை வந்தது என்பதே அதன் முடிவு.

ஆகவே செல்லப்பேர் வாதத்தை எடுப்பதானால், மூன்று கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும். இருவரும் முன்பே பழகியவர்களா? அந்த நேரத்தில் இருவருக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தது என்ன? சொன்னவரை அவரும் அதே பெயரால் கூப்பிடுவாரா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்த வாதத்தை விட்டுவிடுங்கள், வீரருக்குத் தீங்குதான் செய்யும். "தோட்டக்காட்டான்", "காப்பிலி", "கள்ளத்தோணி" போன்ற சொற்களுக்கு இந்த வாதம் வாயெடுக்கவே உதவாது. அவை எந்த வீட்டிலும் செல்லப் பேராக இருந்ததில்லை. மலையகத்திலிருந்து வந்து ஆடும் பெடியனும், நைஜீரியாவிலிருந்தோ கானாவிலிருந்தோ ஒப்பந்தத்தில் வந்து ஆடுபவரும் அவற்றை எப்படிக் கேட்பார்கள் என்று உங்கள் அணியிலேயே இருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

வேறொரு உருகுவே வீரர் விடயத்தில் கழகம் எப்படி நடந்தது என்றும் பாருங்கள். 2020 நவம்பரில் எடின்சன் கவானி, தன்னை வாழ்த்திய நண்பருக்கு இன்ஸ்டகிராமில் "நன்றி, நெக்ரிட்டோ" என்று பதில் போட்டார். நட்பான இடம், நட்பான ஆள். ஆனாலும் 3 போட்டித் தடை, 100,000 பவுண் அபராதம். மன்செஸ்டர் யுனைட்டட் கழகம், அதில் கெட்ட எண்ணம் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. அதே மூச்சில், இனவாதத்துக்கு எதிரான முயற்சிக்கு மதிப்பளித்துக் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்றும் சொன்னது. வீரரைக் கைவிடவும் இல்லை, தீர்ப்போடு சண்டைக்கும் போகவில்லை. உருகுவேயில் பலர் அந்தத் தடையைக் கண்டித்தார்கள், அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வாதத்தை மற்றவர்கள் நடத்தட்டும் என்று கழகம் விலகி நின்றது கெட்டித்தனம்.

"நிரூபிக்கப்படவில்லையே" என்ற வாதத்துக்கு வருவோம். 2020 பெப்ரவரி 28ஆம் திகதி லீட்ஸ் யுனைட்டட் கோல்காப்பாளர் கிக்கோ கசியாவுக்கு, சார்ல்டன் வீரர் ஜொனதன் லெக்கோவை இனரீதியாக ஏசியதாக 8 போட்டித் தடையும் 60,000 பவுண் அபராதமும் வந்தன. லீட்ஸ் விட்ட அறிக்கையில், இனவாதத்துக்கு இடமில்லை என்று தொடங்கி, வீரர் எப்போதும் மறுத்தே வந்தார், நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்காமல் எது நடந்திருக்கச் சாத்தியம் அதிகம் என்ற அளவுகோலில் தீர்த்துவிட்டார்கள் என்று எழுதினார்கள். லெக்கோவிடம் ஒரு வார்த்தை வருத்தம் இல்லை. உதைபந்தாட்டத்தில் பாகுபாட்டுக்கு எதிராக இயங்கும் கிக் இட் அவுட் அமைப்பு, அந்த அறிக்கை பெருத்த ஏமாற்றம் என்று சொன்னது.

லீட்ஸ் சொன்ன அளவுகோல் பொய்யில்லை. ஆனால் அது இங்கிலாந்துச் சங்கத்தின் எல்லா ஒழுக்காற்று விசாரணைக்கும் பொதுவானது. தள்ளிவிட்டதற்குச் சிவப்பு அட்டை காட்டினாலும் அதே அளவுகோல்தான். உங்கள் கழகமும் லீக்கில் சேர்ந்தபோதே அந்த லீக்கின் விதிகளை ஏற்றுக் கையொப்பம் வைத்துவிட்டது. தோற்ற பிறகு அளவுகோலைக் குறை சொன்னால் அழுகைபோல் கேட்கும். இரண்டு அளவுகோலும் ஒரே சம்பவத்தில் வேறு வேறு முடிவு தரலாம் என்பதற்குச் செல்சி வீரர் ஜோன் டெரி உதாரணம். எதிரணி வீரர் அன்டன் ஃபெர்டினண்டை இனத்தைச் சொல்லி ஏசினார் என்ற விடயத்தில் 2012 ஜூலையில் நீதவான் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. செப்டெம்பரில் உதைபந்தாட்டச் சங்கம் 4 போட்டித் தடையும் 220,000 பவுண் அபராதமும் விதித்தது. இரண்டும் சட்டப்படி சரியே.

நீதிமன்றம் என்றதால் ஒரு வார்த்தை: யாராவது பொலிஸுக்குப் போயிருந்தால் லீக்குக்கு மேற்கொண்டு எதையும் எழுதுமுன் சட்டத்தரணியைப் பாருங்கள். ICCPR சட்டம் என்று அழைக்கப்படும் இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பாகுபாட்டுக்கோ வன்முறைக்கோ தூண்டும் இனப் பகைமைப் பேச்சைக் குற்றமாக்குகிறது, பிணை எடுப்பதும் கடினம். மைதானத்து ஏச்சு அந்த அளவுக்குப் போகுமா என்பது வேறு கேள்வி. ஆனால் லீக்குக்குக் கொடுத்த வாக்குமூலம் அங்கேயும் போய் நிற்கலாம்.

அறிக்கை விடத்தான் வேண்டுமென்றால் நாலு வசனம் போதும். இப்படி:

"எமது வீரருக்கு லீக்கின் ஒழுக்காற்றுக் குழு போட்டித் தடை விதித்துள்ளது. தீர்ப்புக்கான எழுத்துமூலக் காரணங்களைக் கழகம் கோரியுள்ளது, அவற்றை வாசித்த பின்னரே அடுத்த நடவடிக்கையைத் தீர்மானிக்கும். அதுவரை எமது வீரர் தடைக்குக் கட்டுப்படுவார். முறைப்பாடு செய்த வீரரையோ அவருடைய கழகத்தையோ எவரும் இழித்துப் பேசுவதைக் கழகம் ஏற்காது, எமது ஆதரவாளர்களும் அதைச் செய்யக்கூடாது."

வீரர் நல்ல பிள்ளை, அவருக்கு எல்லா இனத்திலும் நண்பர்கள் இருக்கிறார்கள், அவருடைய அம்மம்மா சிங்களம் என்பதெல்லாம் வேண்டாம். விசாரிக்கப்பட்டது அவருடைய மனம் அல்ல. அன்றைக்கு அந்த இடத்தில் அவர் சொன்னது மட்டுமே. முடிவு வரும்வரை "கூறப்படும்" என்ற சொல் சரி. முடிவு வந்த பிறகும் அதையே எழுதினால் குழுவின் முடிவை மதிக்கவில்லை என்று அர்த்தமாகும். "குழு இவ்வாறு கண்டுள்ளது, வீரர் மறுக்கிறார்" என்று எழுதுங்கள், இரண்டும் உண்மை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே நேரத்தில் வெளியிடுங்கள், ஒவ்வொன்றையும் அந்த மொழியில் பிறந்து வளர்ந்த ஒருவர் வாசித்துப் பார்த்த பிறகு. தமிழில் பணிவாகவும் சிங்களத்தில் சூடாகவும் வந்தால் இரண்டு அறிக்கை விட்டதாகவே கணக்கு. பேஸ்புக்கில் போட்டால், முதல் இரண்டு நாளும் பின்னூட்டங்களைப் பார்க்க ஓர் ஆளை வையுங்கள். எதிரணி வீரரின் இனத்தை, ஊரை இழுக்கும் பின்னூட்டம் உங்கள் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் உங்கள் கழகத்தின் பேச்சுத்தான். 2012 ஜனவரியில் எவ்ரா மீண்டும் அன்ஃபீல்டுக்கு வந்தபோது ஆட்டம் முழுக்க அவருக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். கழகம் டிசெம்பரில் எழுதியதைத்தான் அரங்கு கூவியது.

மேன்முறையீடு செய்வதா? எதை எதிர்க்கிறீர்கள் என்று ஒன்றைத் தெரிந்தெடுங்கள், முடிவையா, தண்டனையின் அளவையா. டொட்டன்ஹாம் பென்டன்கூர் விடயத்தில் குற்ற முடிவை ஏற்றுக்கொண்டு 7 போட்டி அதிகம் என்று மட்டும் மேன்முறையீடு செய்தது. டிசெம்பரில் அது தள்ளுபடியானது. வாதம் ஒழுங்காக வைக்கப்பட்டதால் கழகத்தின் பெயருக்குப் பெரிய பழுதில்லை. ஆனால் அளவு பற்றிய மேன்முறையீடு வெல்வது அரிது. ஃபிஃபா கோவையில் பாகுபாட்டு ஏச்சுக்கு வீரருக்குக் குறைந்தது 10 போட்டி. இங்கிலாந்தில் 2013இல் குறைந்தபட்சம் 5 என்று வைத்து, பிறகு 6 முதல் 12 வரை என்று உயர்த்தினார்கள். உங்கள் வீரருக்கு வந்தது அதற்கும் கீழே என்றால் பேசாமல் இருப்பதே நல்லது. விசாரணையில் வீரருக்கு மொழிபெயர்ப்பாளர் தரப்படவில்லை, சாட்சியை எதிர்த்துக் கேள்வி கேட்க விடவில்லை, இருந்த காணொளியைப் பார்க்கவில்லை என்பது போன்ற குறை காரணங்களில் தெரிந்தால் அது நல்ல மேன்முறையீடு, துணிந்து போங்கள்.

அபராதம் வந்திருந்தால் வீரரே கட்டட்டும். கையில் இல்லையென்றால் கடனாகக் கொடுத்துத் தவணையில் கழியுங்கள். கழகப் பணத்தில் கட்டினால் ஆண்டுக் கணக்கில் அது ஒரு வரியாக நிற்கும், அனுசரணையாளர் அதை வாசிப்பார்.

தடைக்காலத்தில் வீரரைத் தனியே விடாதீர்கள். கடிதம் தடுக்காவிட்டால் பயிற்சிக்கு வரட்டும். உடைமாற்றும் அறைக்குள் வரலாமா என்பதை விதியில் பாருங்கள், பல இடங்களில் முடியாது. ஒருமுறை பயிற்றுநர் இல்லாமல், தலைவரும் செயலாளரும் மட்டும் அவரோடு உட்கார்ந்து காரணங்களைப் பக்கம் பக்கமாக, அவருக்குப் புரியும் மொழியில் வாசியுங்கள். பல வீரர்கள் தங்களுக்கு எதிரான தீர்ப்பை வாசித்ததே இல்லை. அவர் மனம் மாறி மன்னிப்புக் கேட்க விரும்பினால் நேரே தொலைபேசியில் கூப்பிட விட வேண்டாம், பொதுவெளியிலும் போட வேண்டாம். மறு கழகத்தின் செயலாளரிடம், அந்த வீரர் கடிதத்தை வாங்கிக்கொள்ள விரும்புகிறாரா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். கடிதத்தில் "மனம் புண்பட்டிருந்தால்" என்ற "இருந்தால்" வரக்கூடாது. என்ன சொன்னேன், அது தவறு, இனிச் சொல்ல மாட்டேன்: அவ்வளவுதான். லிவர்பூல் பக்கத்திலிருந்து எவ்ராவுக்கு ஒழுங்கான மன்னிப்பு வர 2019 வரை ஆனது. முன்னாள் வீரர் ஜேமி கராகர் தொலைக்காட்சியில் அவர் முகத்தைப் பார்த்து, அந்த டீ சேர்ட் பெரும் பிழை என்று சொன்னார். அதற்குப் பின்தான் கழகத்தின் நிறைவேற்று அதிகாரி பீட்டர் மூரின் கடிதம் எவ்ராவுக்குக் கிடைத்தது.

கடைசியாக, இரண்டு அணியும் மறுபடி எப்போது சந்திக்கின்றன என்று போட்டி அட்டவணையில் இன்றைக்கே பார்த்து வட்டம் போடுங்கள். 2012 பெப்ரவரி 11ஆம் திகதி மன்செஸ்டர் யுனைட்டட் மைதானமான ஓல்ட் டிரஃபோர்டில், வரிசையில் நின்று கைகொடுக்கும்போது சுவாரெஸ் எவ்ராவின் கையைத் தவிர்த்துப் போனார். கைகொடுப்பேன் என்று கழகத்திடம் முன்பே சொல்லியிருந்தவர் அவர். மறுநாள் சுவாரெஸும் டல்கிளிஷும் மன்னிப்புக் கேட்டார்கள், அனுசரணை வங்கியும் தன் அதிருப்தியைச் சொன்னது. ஆட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே மறு கழகச் செயலாளரோடும் போட்டி ஆணையாளரோடும் பேசி, அந்த இருவரும் கைகொடுப்பார்களா, வரிசையே வேண்டாமா என்று முடிவெடுங்கள். முறைப்பாடு செய்தவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். முடிவை இரண்டு தலைவர்களுக்கும் நடுவருக்கும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். உங்கள் வீரர் கைகொடுக்கத் தயாரா என்பதை அன்று காலையில் மறுபடி ஒருமுறை கேளுங்கள். தயங்கினால் அந்த ஒரு ஆட்டம் அவர் வெளியே இருக்கட்டும்.